வீட்டுக்காரரிடமிருந்து விடுதலை

வாய் நிறைய பற்பசை நுரையோடு வவுச்சர் நின்றிருந்தபோது, கண்ணாடி ஓரம் சாத்தி வைத்திருந்த செல்போன் 'டிங்' என்றது. திரையில் கலர் கலராகப் பலூன்கள் மேலே பறந்தன. நடுவில் ஒரு வாசகம் வந்து நின்றது.

"வாழ்த்துகள்! 'வீட்டுக்காரரிடமிருந்து விடுதலை' என்ற உங்கள் குடும்ப இலக்கில் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்!"

பக்கத்திலேயே ஒரு பெட்டியின் படம். துணிமணியை அடுக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இழுத்துப் போகும் பெட்டி. அதற்குச் சக்கரம் வேறு இருந்தது.

துப்ப வேண்டிய நுரையை வவுச்சர் விழுங்கிவிட்டார்.

வவுச்சர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பிளாஸ்டிக் வாளியும் குவளையும் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் உள்தணிக்கை அதிகாரி. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு வவுச்சர் இருக்கா?" என்பார். வெளியே மழை பெய்கிறது என்று சொன்ன காவலாளியிடம்கூடக் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

மூன்று மாதம் முன்பு, 'சிக்கனம்' என்ற வீட்டுக்கணக்கு ஆப்பை அவர் குடும்பத்துக்கு அறிமுகம் செய்த விதமே தனி. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டார்.

"நாட்டுக்கு ஒரு பட்ஜெட் இருக்கு. கம்பெனிக்கு ஒரு பட்ஜெட் இருக்கு. இந்த வீட்டுக்கு என்ன இருக்கு?"

"இந்த வீட்டுக்கு நான் இருக்கேன்" என்றாள் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் பூராவும் ஊசி குத்துகிறவள் என்பதாலோ என்னவோ, பேச்சில் குத்தவே மாட்டாள். ஆள் அழுதாலும் சிரித்தாலும் "ஒண்ணும் ஆகாது, கையை லூசா விடுங்க" என்கிற ஒரே நிதானம்.

ஆப்பில் ஏறுவது எளிது. வவுச்சரின் போன் நம்பரைத் தட்டினால் போதும், அந்தப் போன் அவர் குடும்பக் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் போடுகிற செலவு 'தலைவர்' என்று விழும். மற்ற எல்லோருடையதும் 'உறுப்பினர்' என்று விழும். கொஞ்சம் கட்டணம் கட்டினால் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கிடைக்கும். சிக்கனத்துக்காக வாங்கிய ஆப்புக்கே செலவு செய்வதா என்று அவர் கட்டவில்லை.

"உறுப்பினர்னா யாருப்பா? அம்மாவா, நானா?" என்று கேட்டாள் கல்லூரியில் படிக்கிற மகள்.

"குடும்பம்னா ஒண்ணுதான். ஆளாளுக்குப் பிரிச்சுப் பார்க்கக் கூடாது."

"அப்ப தலைவரை மட்டும் ஏன் பிரிச்சிருக்கு?"

"காலேஜுக்கு நேரமாகலையா உனக்கு?"

வீட்டோடு அவர் நிற்கவில்லை. தலைமுடி வெட்டுகிற கடை, துணி தேய்க்கிற இடம், கேண்டீன் என்று கையில் சிக்கிய போனிலெல்லாம் சிக்கனத்தை ஏற்றிக் கொடுத்தார். அவர் வருவதைப் பார்த்தால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் பெருகினார்கள்.

இப்போது அதே ஆப், காலங்காத்தால, பலூன் விட்டு அவர் தலையில் இடியை இறக்கியிருந்தது.

வீட்டுக்காரர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. மனைவி போனில் யாரோடு பேசினாலும் அவர்தான் வீட்டுக்காரர். "எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்." "எங்க வீட்டுக்காரருக்கு அது ஒத்துக்காது." "எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு, வச்சிடறேன்." அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு ஒரு சுகம் உண்டு. ஒரு வீட்டையே தூக்கிக் கையில் கொடுத்தது போலிருக்கும்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணக்கைத் திறந்தார். 'வீட்டுக்காரர் தொல்லை' என்று ஒரு செலவினம். அதன் கீழே உறுப்பினர் போட்டிருந்த பதிவுகள்.

"காதில் வைக்கப் பஞ்சு. வீட்டுக்காரர் குறட்டை."

"தலைவலி மாத்திரை. வீட்டுக்காரர் கத்தினார்."

"ஐஸ்கிரீம். வீட்டுக்காரர் கத்தினார். மனசு ஆற."

அதற்கும் கீழே ஆப் தன் பங்குக்கு ஓர் ஆலோசனை சொல்லியிருந்தது. "இந்த இனத்தில் உங்கள் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இந்தச் சேவை உங்களுக்கு அவசியம்தானா? ரத்து செய்ய இங்கே அழுத்தவும்."

அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாததால், வவுச்சர் விரலைத் திரையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

வேறொருவராக இருந்தால் கதவைத் திறந்து, "ஏம்மா, என்ன இது?" என்று கேட்டிருப்பார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வவுச்சர் தணிக்கைக்காரர். தணிக்கையில் முதல் பாடம், ஆதாரம் முழுசாகச் சேரும்வரை சம்பந்தப்பட்டவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கணக்கைத் திருத்திவிடுவார்கள்.

எனவே அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட வந்தார்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பேஸ்ட்டை முழுங்கிட்டேன்."

"ஒண்ணும் ஆகாது. தண்ணி குடிங்க."

ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, தற்செயலாகக் கேட்பது போல, "நான் குறட்டை விடுறேனா?" என்றார்.

"விடாத ஆம்பளை யாரு இருக்கா?"

"உனக்குத் தொந்தரவா?"

"எனக்கென்ன, பழகிப்போச்சு."

பழகிப்போச்சு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

அன்று முதல் படுக்கை ஹாலுக்கு மாறியது. உட்கார்ந்தபடி தூங்கினால் குறட்டை வராது என்று எங்கோ படித்திருந்தார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் பார்த்தார், காற்று அதிகம். சுவரோரம் இழுத்தார், சுவர் சில்லென்றிருந்தது. மறுபடி ஜன்னலுக்கு இழுத்தார். விடிந்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஹாலுக்கு நேர் கீழேதான் ஓனரின் படுக்கையறை. ஓனர் என்பவர் அவர்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக்குச் சொந்தக்காரர். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, குரலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உப்பு கேட்டால்கூட மூன்றாம் தெருவிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

"கவனிக்கவும்!" என்று கீழேயிருந்து எழும்பியது அவர் குரல். "விடிய விடிய மேலே யாரோ நாற்காலி இழுக்குறாங்க! இங்கே ஒரு மனுஷன் கண் மூடல!"

முழங்கால் வலி, அவரால் படியேற முடியாது. அதனால் மாடிக்குச் சேர வேண்டிய திட்டும் வழியிலேயே ஓனரம்மாவிடம் இறங்கிவிடும்.

வவுச்சருக்கு ஓனரைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. சாயங்காலம் ஆப்பைத் திறந்தவர் அதிர்ந்துபோனார்.

"தலைவலி மாத்திரை, ஓர் அட்டை. வீட்டுக்காரர் தூக்கமில்லாமல் காலையிலேயே கத்தல்."

காலையில் நான் எங்கே கத்தினேன் என்று யோசித்தார். "தைலம் எங்கே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டது நினைவுக்கு வந்தது. திரும்பாத கழுத்தோடு கேட்டதால் குரல் கொஞ்சம் இழுபட்டிருக்கலாம். அதுவும் பதிவாகிவிட்டதே! இந்த வீட்டில் இப்படி ஒரு கண்டிப்பான தணிக்கை நடக்கிறது என்று தெரியாமல் போயிற்றே!

மறுநாளிலிருந்து அவர் ரகசியக் குரலுக்கு மாறினார்.

"காபி கொஞ்சம்" என்று மூச்சுக்காற்றால் சொன்னார்.

"என்ன?"

"காபி."

"சத்தமாச் சொல்லுங்க, குக்கர் சத்தத்துல கேட்கலை."

"பரவாயில்லை, வேண்டாம்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்பா ஏதோ தப்பு பண்ணிட்டாரு. நான் மொபைலை உடைச்சப்போ இப்படித்தான் பேசினேன்."

மனைவி வந்து அவர் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். போன் வெளிச்சத்தை அடித்து, "ஆ காட்டுங்க" என்றாள். "தொண்டை சுத்தமா இருக்கே. குரல் ஏன் இப்படி ஆச்சு? எதுக்கும் கையை நீட்டுங்க, ஒரு டெஸ்ட் போட்டுடலாம்."

"எனக்கு ஒண்ணுமில்லை" என்று கிசுகிசுத்தார் வவுச்சர்.

"இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட் சொல்லட்டும். நான் இல்லாட்டி இதையெல்லாம் யாரு பார்ப்பா உங்களுக்கு?"

நான் இல்லாட்டி! ஊசி ஏறியது அவருக்கு உறைக்கவில்லை. அந்த வார்த்தைதான் ஏறியது. போகிற போக்கில் ஆரோக்கியமாக ஒப்படைத்துவிட்டுப் போக நினைக்கிறாள், ஸ்டாக் எடுத்துக் கொடுப்பது போல.

பேச்சைக் குறைத்தால் போதாது, வேலையைக் குறைத்துக் கொடுத்தால்தான் அவள் மனம் இளகும் என்று அடுத்தபடியாக முடிவு செய்தார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார். அழுக்குத் துணி, அழுக்காகப் போகிற துணி, திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் பக்கெட் பக்கெட்டாக ஊறப்போட்டு அலசினார். அவர் கம்பெனி வாளிகள் அன்றைக்குத்தான் அவர் கையால் உழைத்தன. நுரை போகாதபோது குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

இரண்டு வீட்டுக்கும் மேலே இருப்பது ஒரே தொட்டி என்பதை அவர் மறந்திருந்தார்.

"கவனிக்கவும்! கவனிக்கவும்!" என்று தெருவே அதிர்ந்தது. "தலை பூரா சோப்போட ஒரு மனுஷன் நிக்கிறான்! தண்ணி எங்கே? மோட்டாரைப் போடாம நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?"

"ஓனருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடி எழுந்து வந்த மனைவி, திரைச்சீலை இல்லாத ஜன்னல்களையும், முழங்கால் வரை நனைந்து நிற்கும் கணவரையும் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உனக்கு உதவி" என்றார் மூச்சுக்காற்றில்.

"என் யூனிபார்ம் எங்கே?"

அவர் ஒரு வாளியைக் காட்டினார். அவள் அன்று மகளின் காலேஜ் லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்போதும் திட்டவில்லை. "ஒண்ணும் ஆகாது, காயட்டும்" என்றாள். அந்த நிதானம்தான் அவரை மேலும் பயமுறுத்தியது. சண்டை போடுகிறவர்கள் இருக்கப் போகிறவர்கள். போக முடிவெடுத்தவர்களுக்குத்தான் எதற்கும் கோபம் வராது.

மத்தியானம் ஆப் 'டிங்' என்றது.

"ஐஸ்கிரீம், பெரிய டப்பா. வீட்டுக்காரர் இன்று காலை கத்திய கத்தலுக்கு இது கூடப் போதாது."

வவுச்சர் தன் மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்று அவர் கத்தவில்லை. சரியாகச் சொன்னால் பேசவேயில்லை. நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: 'நான் பேசாமல் இருந்ததே அவளுக்குக் கத்தல் மாதிரிக் கேட்டிருக்கிறது. உறவு அவ்வளவு தூரம் போய்விட்டது.'

அன்றைக்குத்தான் அவர் தன் வழக்கத்துக்கு மாறாக இன்னொருவரிடம் யோசனை கேட்டார். காசாளர் அவருக்குப் பழைய சிநேகிதர். ஆபீசில் அவருக்குச் சில்லறை என்று பெயர்.

"ஒருத்தர் வீட்டுல" என்று ஆரம்பித்தார் வவுச்சர், "மனைவி தனியாப் போறதுக்குக் காசு சேர்க்கிறாங்க. அந்த ஒருத்தர் என்ன செய்யணும்?"

"அந்த ஒருத்தர் நீதானேப்பா?"

"பொதுவாக் கேட்கிறேன்."

"பொதுவாச் சொன்னா, வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதான்."

"ஆதாரம் பத்தலை."

"உன் தலையெழுத்து" என்று சில்லறை பெருமூச்சு விட்டார். "அப்ப ஒண்ணு பண்ணு. சேமிப்பு இருந்தாத்தானே போவாங்க? செலவு பண்ண வை. வீட்டுச் செலவு ஏறினா மிச்சம் தன்னால குறையும்."

வவுச்சரின் வாழ்க்கையில் ஒரு மனிதர் செலவு செய்யச் சொல்லி, அதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று மாலையே மனைவிக்கு ஒரு கைப்பை வாங்கினார். விலைச்சீட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். பெரிய பை.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "எவ்ளோ இடம்! நாலு நாள் துணி தாராளமாப் பிடிக்கும் போலிருக்கே!"

பெட்டி வாங்க வேண்டிய செலவையும் வவுச்சரே மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் குடும்பத்தோடு வெளியே சாப்பிட்டார்கள். மகளுக்குக் காலணி வாங்கினார். ஹாலுக்கு ஒரு விளக்கு வாங்கினார். தலைவர் செலவு சிவப்பில் எகிறியது. இலக்கு மட்டும் ஒரு பைசா இறங்கவில்லை. மாத முதல் தேதி வந்தது. அவர் எப்போதும் போல ஓனருக்கு வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவிக்கும் சம்பள நாள் அதுதான். மறுநாள் இலக்கு ஒரே தாவாகத் தாவி மேலே போய் நின்றது.

அன்று சனிக்கிழமை. மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோதே பலூன்கள் பறந்தன. இம்முறை பட்டாசுச் சத்தமும் சேர்ந்து வந்தது.

"வாழ்த்துகள்! இன்னும் கொஞ்சம்தான்! பெட்டியைத் தயார் செய்யுங்கள்!"

வவுச்சர் போனை மறைக்கப் பார்த்தார். ஆதாரம், விதி, பாடம் எல்லாம் ஒரு நொடியில் காற்றில் போயின.

"எப்ப கிளம்பப் போறே?" என்று கேட்டார். ரகசியக் குரலில் அல்ல, சொந்தக் குரலில். அதுவே அழுகை மாதிரி இருந்தது.

"எங்கே? நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க, எனக்கு லீவு."

"என்னை விட்டுட்டு."

"உங்களை விட்டுட்டு எங்கே போகப் போறேன்?"

"நான் குறட்டையை நிறுத்திடறேன். கத்த மாட்டேன். துணிகூட... துணியை இனிமே தொட மாட்டேன். போகாதே."

மகள் தட்டோடு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். மனைவி முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவர் கையிலிருந்த போனை வாங்கித் தலைப்பைப் படித்தாள். படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா? இதுக்கா இத்தனை நாளா கழுத்தைத் திருப்பிக்கிட்டு, காத்துல பேசிக்கிட்டு... ஐயோ, என்னங்க நீங்க! வீட்டுக்காரர்னா கீழே இருக்காரே, அவரு! நம்ம ஓனரு! வீட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்காரர்தானே? பெட்டி போட்டிருக்கு பாருங்க, வீட்டைக் காலி பண்ற பெட்டி!"

வவுச்சர் தலைப்பை மறுபடி படித்தார். வீட்டுக்காரரிடமிருந்து விடுதலை. அதாவது வாடகையிலிருந்து விடுதலை. அதாவது சொந்த வீடு! அதே எழுத்து, அதே பெட்டி, ஆனால் இப்போது பெட்டியின் சக்கரங்கள் வேறு பக்கம் உருண்டன. குறட்டை? ஓனரின் குறட்டை மாடி வரைக்கும் கேட்கத்தான் கேட்கும். கத்தல்? அதற்குச் சாட்சி வேண்டுமா? தெருவே சாட்சி.

மனைவி தொகையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார்கள் இருவரும்.

ஒரே நேரத்தில் சொன்னதால், அவரவர் காதில் அவரவர் குரல்தான் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். அவள் கண்ணில் நீர் துளிர்த்தது. இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் இவ்வளவு சேர்த்திருக்கிறாரே, ஆப் தானாக வைத்த தலைப்பைப் பார்த்து மிரண்டும் போயிருக்கிறாரே என்று அவளுக்கு. இவள் எனக்குத் தெரியாமல் இவ்வளவு சேர்த்திருக்கிறாளே என்று அவருக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதையும் ஆதாரம் கேட்காமல் ஏற்காதவர், அன்றைக்கு வவுச்சர் கேட்கவில்லை.

"சொந்த வீட்டுல எனக்குத் தனி ரூம்" என்றாள் மகள்.

"உனக்கு பால்கனியோட" என்றார் வவுச்சர், கழுத்தை நிமிர்த்தி.

அன்று அவர் தன் படுக்கைக்கே திரும்பி, நிம்மதியாக, பூரணமாகக் குறட்டை விட்டார். யாரும் காதில் பஞ்சு வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வவுச்சர் இஸ்திரி போட்ட சட்டையில் கீழே இறங்கினார். "இப்பவே எதுக்குங்க சொல்லணும்? பத்திரம் முடியட்டும்" என்று மனைவி தடுத்துப் பார்த்தாள். "முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். உண்மையில் முறை ஒன்றுமில்லை. இத்தனை வருடம் "கவனிக்கவும்" கேட்ட காது, ஒரு தடவை கவனிக்க வைக்க ஆசைப்பட்டது.

ஓனர் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு தகவல். நாங்க சொந்த வீடு பார்த்துக்கிட்டுப் போறோம்."

ஓனருக்குப் பேச்சு வரவில்லை. அவர் வீட்டில் அப்படி ஓர் அமைதியைத் தெரு கண்டதேயில்லை.

"என்ன சார் திடீர்னு?" என்றார் கடைசியில், மனிதர்கள் பேசுகிற அளவுக் குரலில். "ஏதாவது குறையா? பாத்ரூம் குழாயை மாத்திடறேன். பெயிண்ட் அடிச்சுடறேன். இந்த வருஷம் வாடகை ஏத்தலை. தேதி தவறாம வாடகை கொடுக்கிற ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"அதெல்லாம் இல்லை சார். எல்லாம் திட்டமிடல். ஒழுங்கு. ஒரு குடும்பம் மனசு வச்சா எதையும் சாதிக்கலாம்."

"எப்படி சார் இவ்ளோ சீக்கிரம் சேர்த்தீங்க? உங்க ஆபீஸ் சம்பளம் எனக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இஸ்திரி போட்டிருந்தார். போனை எடுத்து, இலக்குப் பக்கத்தைத் திறந்து, ஓனரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பெரிய எழுத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஓனர் அறிவித்தார். "வீட்டுக்காரரிடமிருந்து விடுதலை!" எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்னைச் சொல்றீங்களா சார்?" என்று அவர் முகம் சுருங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. கணக்குல ஒரு தலைப்பு வேணுமில்லையா? எங்க வீட்டம்மா வச்சது. எனக்குத் தெரியாம, நான் கொடுக்கிற காசுலயே மிச்சம் பிடிச்சுச் சேர்த்திருக்கா."

ஓனர் தலையை ஆட்டினார். வருத்தம் மெல்ல வியப்பாக மாறியது. வியப்பு, அவர் வழக்கப்படி, வீட்டுப் பக்கம் திரும்பியது.

"ஏய், இங்கே வா! வந்து பாரு! மாடியில இருக்கிற பொம்பளை எவ்ளோ சேர்த்திருக்கு பாரு! நீயும்தான் இருக்கியே, மாசா மாசம் வாடகைக் காசை உன் கையிலதானே தர்றேன், பத்துப் பைசா மிச்சம் பிடிச்சிருப்பியா? புருஷனுக்கு ஒரு நல்லது நினைச்சிருப்பியா?"

ஓனரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எப்போதும் போலப் பேசாமல் வந்து, எப்போதும் போலப் பேசாமல் நின்று, போனைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் வவுச்சர், பெருந்தன்மையோடு. "பழக்கம்தான். மனசு வச்சா நீங்களும் சேர்க்கலாம்."

"இருங்க சார்" என்று ஓனர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "தலைப்புதான் தெரியுது. தொகை எவ்வளவு, எதுல எதுல மிச்சம் பிடிச்சிருக்குன்னு பொடி எழுத்து தெரியலை. கண்ணாடியை எடுத்துக்கிட்டு வரேன், இவளுக்கு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டணும்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். வாசற்படி தாண்டும்வரை காத்திருந்த ஓனரம்மா, வவுச்சரின் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக் கவிழ்த்தார்.

"ஏன் தம்பி, உங்க நம்பரைப் போட்டு என் போன்ல ஏத்திக் கொடுத்தீங்களே, அந்தக் கணக்கைக் கொண்டுபோய் எங்க வீட்டுக்காரர்கிட்டேயே காட்டுறீங்களே!"